பாம்பறையில் உலர்த்திய சேலைகள்

எங்கள் தோட்டத்துப் பெரிய துரைக்கு மனிதர்களோடு அவ்வளவாக ஒட்டாது. பாம்போடு நன்றாக ஒட்டும். றொசல்ல ஸ்டேஷனைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒவ்வொரு துரைக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. ஒருவர் குதிரை வளர்த்தார், ஒருவர் ரோசா வளர்த்தார், இன்னொருவர் தன் வயிற்றை வளர்த்தார். எங்கள் துரை பங்களாவின் பின்பக்க அறையில் ஒரு மலைப்பாம்பையும், முதுகில் மஞ்சள் கோடு ஓடிய இரண்டு ஆமைகளையும், ஓர் உடும்பையும் வளர்த்தார். எல்லாம் கீழே வெயில் காய்கிற நாட்டிலிருந்து பிடித்து வந்தவை. எங்கள் மலைக்குளிர் அவற்றுக்கு ஆகாது என்பதால் அந்த அறைக்கு ராப்பகலாகச் சூடு ஏற்ற வேண்டும். வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து ஜனங்கள் அதைப் பாம்பறை என்பார்கள். பங்களாப் பக்கம் போக நேர்ந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

வெள்ளைக்காரன் ராஜ்யம் முடிந்து சில வருஷங்கள் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். கொழும்பில் முடிந்திருக்கலாம். எங்கள் தோட்டத்தில் துரை துரையாகத்தான் இருந்தார். என் வீட்டுக்காரர் அவருடைய பங்களாவில் விறகு பிளந்து, சப்பாத்துத் துடைத்து, பூப்பாத்திக்கு மண் கொத்திக்கொண்டிருந்தார். பாம்பறையும் அவர் பொறுப்புதான். லயத்தில் வந்து பேசும்போது மலைப்பாம்பைத் தோளில் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டு அறையைக் கூட்டுகிறவர் போலப் பேசுவார். உண்மையில் எட்ட நின்றுகொண்டு நீட்டுக் கம்பால்தான் தண்ணீர்ச் சட்டியைத் தள்ளுவார் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் காட்டிக்கொடுக்கவில்லை. புருஷன் மானம் என் மானமும்தானே.

அந்த வருஷம் சித்திரை கழிந்து துரை லீவில் சீமைக்குக் கிளம்பியபோது நான் முழுகாமல் இருந்தேன். அதற்கு முன் இரண்டு பெற்றிருந்தேன். இரண்டும் இல்லை. ஒன்று ஆடி மழையில் போனது, மற்றது மார்கழிப் பனியில். இரண்டையும் கொண்டுபோனது மார்ச்சளிதான். லயத்து ஒற்றை அறையான எங்கள் காம்பராவுக்கு ஒரே கதவு, மேலே தகரக் கூரை. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் கை நனையும். பாயைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அடுப்பை மூட்டினால் பிள்ளை புகையில் இருமும். அணைத்தால் குளிரில் இருமும். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்து மருத்துவச்சி, "ஒன் நேரம் அப்பிடி" என்றாள். அவளை நான் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கவில்லை. இந்த மூன்றாவது பிள்ளை கண்ணும் காலுமாக முழுசாகப் பிறந்து பிழைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு எந்த நினைப்பும் கிடையாது.

கூடை தூக்கி மலை ஏறக்கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டதால் நான் கொழுந்து எடுக்கப் போகவில்லை. பங்களாச் சமையல்கார அப்புவும் துரை இல்லாத சாக்கில் தன் ஊருக்குப் போய்விட்டார். ஆகவே பகலில் நான் பங்களாவுக்குப் போய், தூசி தட்டி, என் வீட்டுக்காரருக்கு ஒத்தாசையாக இருப்பதென்று ஏற்பாடு. ஒத்தாசை என்றால் என்ன என்பது முதல் நாளே விளங்கிவிட்டது. அவர் பூப்பாத்திக்குப் போய்விட்டார். பாம்பறை எனக்கு வந்துவிட்டது.

துரை கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்காரரை அந்த அறைக்குள் நிறுத்தி எல்லாம் சொல்லிக் கொடுத்தபோது நானும் கதவுப்பக்கம் நின்றிருந்தேன். அந்த அறையில் முதலில் சுவரோடு கட்டிய கணப்பு இருந்ததாம். விறகு போட்டு எரித்தால் புகைபோக்கி வழியாகச் சூடெல்லாம் மேலே போய், கதவிடுக்கில் வெளிக்காற்று புகுந்து, அறை வறண்டு போகிறது என்று துரை அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கரித்தணல் வைத்துப் பார்த்ததில் வேறோர் உடும்பு மூச்சு முட்டிச் செத்தது. கடைசியாகக் கொழும்பிலிருந்து மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று வரவழைத்தார். வட்டமான திரி, நீல நிறமாக எரியும். சுவரில் பாதரசம் ஏறி இறங்கும் இரண்டு கண்ணாடிக் குழாய் பதித்த பலகையையும் காட்டினார். ஒரு குழாயின் அடியில் துணி சுற்றி, அந்தத் துணியின் வால் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. ஃபேக்டரியிலும் அப்படி ஒன்று உண்டு; காற்றின் ஈரம் பார்க்கிற கருவி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

"ரெண்டும் கிட்ட கிட்ட இருக்கணும். தள்ளிப் போனா பாம்புக்கு ஆகாது. விளங்குதா?" என்றார் துரை.

"விளங்குதுங்க தொர" என்றார் இவர். விளங்கவில்லை என்று துரையிடம் சொன்ன ஆள் எங்கள் தோட்டத்தில் உண்டா?

பாம்பைப் பார்த்து எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தேயிலைச் செடிக்குள் கை விட்டுப் பிழைத்தவளுக்குப் பாம்பு புதிதல்ல. இதுவோ பெட்டிக்குள் இருந்தது; ஆமைக்கும் உடும்புக்கும் தனித்தனிப் பெட்டி. முன்பக்கம் கண்ணாடி, மேலே கம்பிவலை, வெளியே கொண்டி. பெட்டிக்குள் தண்ணீர்ச் சட்டியை நிரப்பும்போது அது தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். கறுப்பு மணி மாதிரிக் கண். பாம்பு என்னைப் பார்ப்பதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஆகாமல் போனது மண்ணெண்ணெய்தான். மசக்கை நேரத்தில் அந்த வாடை மூக்கில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். ஹீட்டருக்குத் திரி கத்தரித்து ஏற்றுவதும், ஓடிப்போய்ப் பின்வாசலில் வாந்தி எடுப்பதுமாகக் கொஞ்ச நாள் ஓட்டினேன்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை பெய்து ஓய்கிற ஜாதியில்லை. வந்தால் குடும்பத்தோடு வந்து தங்கும். லயத்தில் துணி காயாது. சூடான அறை ஒன்று கையில் இருக்கிறதே என்று பாம்பறையில் கொடி கட்டி என் ஈரச் சேலைகளை உலர்த்தினேன். காலையில் போட்டது மறுநாளும் சொதசொதவென்று கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு சூட்டிலும் காயாத துணியை நான் அங்கேதான் பார்த்தேன்.

"இந்தாங்க, என்னால முடியல. இந்த எண்ண நாத்தத்துல புள்ளயும் சேந்து வெளிய வந்துரும்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் யோசித்தார். துரையின் படுக்கையறையில் கரண்டு ஹீட்டர் ஒன்று சும்மா கிடந்தது. ஃபேக்டரித் தண்ணிச் சக்கரத்திலிருந்து பங்களாவுக்குக் கரண்டு வரும். ஹீட்டரைக் கொண்டுவந்து சொருகியதும் கம்பி இரண்டும் சிவந்தன. வாடை இல்லை, புகை இல்லை, திரி கத்தரிக்க வேண்டியதில்லை. சூடு ஒன்றுதானே, அது எதிலிருந்து வந்தால் பாம்புக்கென்ன என்று இருவரும் முடிவு செய்தோம். அன்றைக்குக் கொடியில் போட்ட சேலை மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. ஆனி மாதத்தில் காய்ந்த சேலை! அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு பக்கத்துக் காம்பரா அக்காவின் துணிகளையும் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து காயப்போட்டேன்.

உதடு வெடித்தது. கைத்தோல் கீறல் விட்டது. கதவுப் பலகை சுருங்கி நடுவில் இடுக்குத் தெரிந்தது. இதெல்லாம் கண்ணில் பட்டும் புத்தியில் ஏறவில்லை. ஈரம் என்றாலே எங்களுக்கு எமன். வறட்சியைக் கண்டு பயப்பட எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

அப்புறம் ஒரு காலை. சட்டியில் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பாம்பு தலையைத் தூக்கியது. அதன் கண் இரண்டும் வெளுத்திருந்தன. பால் ஊற்றியது போல ஒரு நீல வெளுப்பு. கறுப்பு மணி எங்கேயும் இல்லை. நான் செம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்வாசல் படியில் உட்கார்ந்ததுதான் தெரியும்.

லயத்துக்கு வந்ததும் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "ஏக்கா, பாம்புக்குக் கண்ணு வெளுக்குமா?"

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அடி பாவி! நீ அந்தப் பாம்பு முன்னால போய் நின்னியா? புள்ளத்தாச்சியப் பாத்தா பாம்புக்குக் கண்ணு அவிஞ்சு போயிரும், ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். கேட்ட விஷயம் நம் தலையில் விழும்வரை அது கதையாகத்தானே இருக்கிறது.

"அவிஞ்சா என்னக்கா ஆகும்?"

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். அதற்கு அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பாம்பின் கண்ணை நான் அவித்துவிட்டேன். அது தன் பங்குக்கு என் பிள்ளையின் கண்ணைக் கேட்கும். இப்படித்தான் எனக்குள் ஓடியது. போன இரண்டு பிள்ளைகளுக்கும் காரணம் தெரியவில்லை. இதற்குக் காரணம் கையில் எழுதி ஒட்டியது போலத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை அசைந்தால் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, உள்ளே அது கண்ணை மூடியிருக்குமா, திறந்திருக்குமா என்று நினைப்பேன். மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டேன். பாம்புக்கும் சேர்த்து இரண்டு சோடி.

வீட்டுக்காரரிடம் இடுப்பு வலி என்று சொல்லிப் பங்களாவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "நான் எதுக்கு இருக்கேன்? நான் பாத்துக்குறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் பிறகு தெரிந்தது. கதவைத் திறந்து, ஹீட்டர் சிவப்பாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, சாத்திவிட்டு வந்திருக்கிறார். என் ஈரச் சேலைகள் போனதோடு அந்த அறைக்குள் போன கடைசித் தண்ணீரும் போயிற்று. சட்டி வற்றியது. சுவர்ப் பலகைக் கிண்ணமும் வற்றித் துணி காய்ந்து ஒட்டிக்கொண்டது. துணி காய்ந்தால் இரண்டு குழாயும் ஒரே அளவைத்தான் காட்டும். இவர் அதைப் பார்த்துவிட்டு, "தொர சொன்ன மாதிரி ரெண்டும் ஒண்ணாவே இருக்கு, ஒரு நூல் தள்ளல" என்று என்னிடம் பெருமையாக வேறு சொன்னார்.

பாம்பு தோல் உரிக்கத் தொடங்கியதையும் அவர்தான் வந்து சொன்னார். தேயிலை மலையில் பாம்புச் சட்டை பார்த்திருக்கிறோம். தலை முதல் வால் வரை ஒரே உறையாகக் கிடக்கும். இது அப்படி வரவில்லையாம். துண்டு துண்டாகக் கிழிந்து, பாதி உடம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

"கண்ணு?" என்று கேட்டேன்.

"கண்ணுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார் வேகமாக. அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடியில் ஒரு பெருமழை. ஃபேக்டரிச் சக்கரத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் மண் சரிந்து கரண்டு நின்றுபோனது. மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் முகத்தில் கரியோடு லயத்துக்கு ஓடிவந்தார்.

"ரூமு ஐஸாக் கெடக்கு புள்ள. அந்த எண்ண ஹீட்டரு திரி எனக்கு வரல. பொகையாக் கக்குது. பாம்பு செத்துச்சுன்னா நாம மூட்டயக் கட்ட வேண்டியதுதான். கொஞ்சம் வா."

"நான் வரமாட்டேங்க."

"இடுப்பு வலின்னா நான் தாங்கலாக் கூட்டிட்டுப் போறேன்."

"இடுப்புல ஒண்ணுமில்ல" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். "நான் அத குருடாக்கிட்டேங்க. எம் புள்ள கண்ணு போகப் போவுது."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். தலையைச் சொறிந்தார். "நானும் பாத்தேன்" என்றார் மெதுவாக. "தோலு உரிஞ்ச பொறகும் கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. ஒங்கிட்ட சொன்னா பயந்துக்குவேன்னு சொல்லல."

ஒரே காம்பராவுக்குள் ஒரே பயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறோம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்திலேயே எழுந்தேன். கம்பளியைத் தலையோடு போர்த்தி, முந்தானையால் வயிற்றை இறுக மூடிக்கொண்டு அவரோடு பங்களாவுக்குப் போனேன்.

பாம்பறைக்குள் சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்துபோய் ஹீட்டரின் முன் உட்கார்ந்தேன். திரியைக் கத்தரித்துச் சமப்படுத்தி ஏற்றினேன். நீலமாகப் பிடித்தது. அந்த மாதத்துக்கு மசக்கை போய்விட்டதால் வாடை அவ்வளவு குமட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே பெட்டியைத் திறந்து சட்டியை நிரப்பினேன். பார்க்காமல் ஊற்றியதில் பாதித் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே கொட்டியது. கொட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கரண்டு வரும்வரை தினமும் இதுதான் வேலை. மழையில் துணிகள் மலையாகச் சேர்ந்திருந்ததால் அவற்றையும் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். பழையபடி அவை காயவில்லை. பழையபடி ஜன்னலில் தண்ணீர் வழிந்தது.

அப்படிச் சில நாள் போன பிறகு ஒரு காலையில் சட்டியை எடுக்கக் கை நீட்டினால் சட்டி வரவில்லை. கனத்தது. திரும்பாமல் முடியவில்லை. பாம்பு சட்டிக்குள் சுருண்டு தண்ணீரில் கிடந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பழைய தோல் நனைந்து கந்தலாகப் பக்கத்தில் கிடந்தது. பெட்டியின் தரையில், நனைந்த சாக்கின் மேல், சின்ன வெங்காயத் தோல் மாதிரி வளைவாக ஏதோ இரண்டு துண்டு. விரலால் தொட்டேன். கண்ணின் வடிவம்.

தலையைத் தூக்கியது பாம்பு. கண் இரண்டும் கறுப்பாக, பளிச்சென்று இருந்தன. நேராக என்னைப் பார்த்தது.

இதோ வெளுக்கப்போகிறது, இதோ வெளுக்கப்போகிறது என்று நின்றேன். வெளுக்கவில்லை. அது நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கம்பளியைக் கழற்றி எறிந்தேன். "நல்லாப் பாத்துக்க. இதுதான் என் வயிறு. பாத்தாச்சா? இனிமே பேச்சு மாறக்கூடாது" என்று அதனிடம் சண்டைக்காரியிடம் பேசுவது போலப் பேசினேன். வாசலில் நின்ற வீட்டுக்காரர் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தாராம்.

தோல் உரிக்கும் முன் எல்லாப் பாம்புக்கும் கண் வெளுக்கும் என்பதும், காற்றில் ஈரம் இருந்தால்தான் கண்மேல் மூடியிருக்கும் தோலும் சேர்ந்து கழலும் என்பதும் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது துணி உலர்த்துகிறவளின் கணக்கு மட்டும். எண்ணெய் ஹீட்டர் எரிந்தால் அந்த அறையில் துணி காயாது. அது எரிய எரிய எங்கிருந்தோ தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. கரண்டு ஹீட்டர் எதையும் கலப்பதில்லை. சூடான காற்று தாகத்தோடு கிடந்து, சேலையிலும் சட்டியிலும் என் உதட்டிலும் உள்ளதை உறிஞ்சுகிறது. முன்பு என் சேலைகள் அதன் தாகத்தைக் கொஞ்சம் தீர்த்துக்கொண்டிருந்தன. நான் பயந்து ஒதுங்கியதும் அதுவும் நின்று, பாம்பின் தோல் உடம்பிலேயே காய்ந்துவிட்டது. நான் பார்த்ததில் அதன் கண்ணுக்கு ஒரு கேடும் வரவில்லை. பார்க்க வராததால்தான் போக இருந்தது.

கரண்டு திரும்பியதும் கரண்டு ஹீட்டரையே வைத்து, பக்கத்தில் ஈரச் சாக்கு இரண்டைத் தொங்கவிட்டேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் துணியை நனைத்தேன். வாடையும் இல்லை, வறட்சியும் இல்லை. ஜன்னல் ஓரம் மட்டும் லேசாக வேர்த்திருக்கும். இழுத்த மூச்சு நெஞ்சு முழுக்கப் போய் வந்தது. மலையில் அப்படி ஒரு காற்றை நான் சுவாசித்ததில்லை.

ஐப்பசி அடைமழையில் பெண் பிறந்தாள். மருத்துவச்சி கையிலிருந்து வாங்கியதும் விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி அவள் கண்ணைத்தான் பார்த்தேன். விளக்கின் பக்கம் கண்ணைத் திருப்பினாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த ஒரு மூச்சுதான். அடுத்த பயம் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் அவளுக்கு மூக்கு அடைத்தது. பிறகு நெஞ்சில் கறகறவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளையைக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு நேரே பாம்பறைக்குப் போனேன். உத்தரத்தில் என் சேலையால் தொட்டில் கட்டினேன். வீட்டுக்காரர் பெட்டியின் கொண்டியை ஆட்டிப் பார்த்தார். அதன் மேல் கயிறு கட்டினார். கயிற்றின் மேல் கம்பி சுற்றினார். அக்கா கேள்விப்பட்டு லயமே கேட்கக் கத்தினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கண் தொட்டிலிலும் ஒரு கண் கொண்டியிலுமாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கறகறப்பு இளகியது. பால் குடித்தாள். தூங்கினாள். நானும் அங்கேயே பாயைப் போட்டுக்கொண்டேன். தோட்டத்திலேயே சரியான சூடும் சரியான ஈரமும் உள்ள ஒரே அறை அது. அதை விட்டு நான் எங்கே போவேன்?

நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முன்னால் துரை திரும்பி வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முதலில் பாம்பறைக்குத்தான் வந்தார். தொட்டிலை அவிழ்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் சுவர்ப் பலகையைப் பார்த்தார். பெட்டியில் குனிந்து பாம்பை நெடுநேரம் பார்த்தார். தோல் எண்ணெய் தேய்த்தது போல மின்னியது. ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப நல்லது. ரொம்ப நல்லது" என்றார். அப்புறம்தான் திரும்பித் தொட்டிலைப் பார்த்தார்.

"இது என்ன?"

"எம் புள்ளங்க தொர" என்றேன். என் வீட்டுக்காரர் என் பின்னால் நின்றார். "நெஞ்சுச் சளிங்க. காம்பராவுல ஈரமும் குளிரும். இங்கதான் மூச்சு விடுது."

துரை கெட்டவர் இல்லை. திட்டவில்லை. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பாம்பு ரூம்ல பிள்ளை வைக்கிறது சரியில்லை. ஆபத்து. இன்னைக்கு எடுத்துப் போ." கொஞ்சம் யோசித்து, மூலையில் கிடந்த மண்ணெண்ணெய் ஹீட்டரைக் காட்டினார். "இது எனக்கு வேணாம். நீ கொண்டு போ. உன் காம்பரா சூடாகும்."

அவர் மனதார மகிழ்ந்து கொடுத்தார். அது எரிந்தால் ஒரு அறை என்ன ஆகும் என்று அந்த மலையில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? பாம்பின் காய்ந்த தோலுக்கு அது மருந்து. ஏற்கெனவே ஊறிக்கிடக்கிற எங்கள் காம்பராவில் என் பிள்ளையின் நெஞ்சுக்கு?

"தொர, மன்னிக்கணுங்க. இது தண்ணி கக்குமுங்க. அந்தக் கரண்டு ஹீட்டரத் தந்தா புள்ள பொழச்சுக்கும்."

துரை என்னை விளங்காமல் பார்த்தார். "லயத்தில கரண்ட் எங்க இருக்கு?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

தொட்டிலை அவிழ்த்தேன்.

வீட்டுக்காரர் ஹீட்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். துரை கொடுத்ததை வேண்டாம் என்று போட்டுவிட்டு வர அவரால் முடியாது. குளிர் தாங்காமல் அன்றைக்கு ஏற்றியும் பார்த்தோம். காம்பரா சூடானது. கொஞ்ச நேரத்தில் தகரத்தின் அடியில் துளி துளியாகக் கோத்து நின்றது. பிறகு சொட்டத் தொடங்கியது. ஒரு சொட்டுப் பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. நான் ஹீட்டரை அணைத்து வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ரவிக்கையை அவிழ்த்து, அவளை வெற்றுடம்போடு என் மார்பில் ஒட்டவைத்துக் கம்பளியைச் சுற்றிக்கொண்டேன். கறகறப்பு மறுபடியும் வந்தது. என் நெஞ்சோடு சேர்ந்தே அது கேட்டது. நான் சோறு வடித்தபோதும், குந்தி உட்கார்ந்து தூங்கியபோதும் அவள் அங்கேயே இருந்தாள். என்னால் முடியாமல் போனால் வீட்டுக்காரர் வாங்கித் தன் மார்பில் வைத்துக்கொள்வார். அப்போதும் என் கை அவள் முதுகில் இருக்கும். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

தை மாதம், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஆள் அனுப்பினார். காலையில் ஆள் கூட்டும் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டு அலுத்துவிட்டதாம். இனியும் வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவாராம். பிள்ளையை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வரச் சொன்னார்.

"வெட்டிக்கிறச் சொல்லுங்க. புள்ளயக் கீழ வச்சதும் வர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

மாசி மாதம், மலையெல்லாம் வெயில் ஏறி எங்கள் காம்பராச் சுவர் தொட்டால் கை நனையாத ஒரு நாளில்தான், சளி விட்டுக் கைகாலை உதைத்துக்கொண்டிருந்தவளைக் கீழே வைத்தேன்.